வடக்கு காணாமல் போன விஜயதசமி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். ஆபீசில் யாரும் சொன்னதில்லை, பயம்தான். அந்த விஜயதசமி அன்று காலை எட்டு மணிக்கும் பகல் பன்னிரண்டு மணிக்கும் நடுவில் நான் மூன்று பேரைத் திட்டித் தீர்த்தேன். மெமரி கார்டு விற்ற கடைக்காரர், கட்டின புருஷன், கம்பி கட்டும் ஃபோர்மேன். மூன்று பேரில் ஒருத்தர் மேல்தான் நிஜமாகத் தப்பு இருந்தது. அன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிய நாலாவது ஆள் ஒருத்தி உண்டு. அவளை மட்டும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் என்று சொல்ல எனக்கே வெட்கம், ஆனால் சொல்லாமல் தீராது.

எங்களுக்கு வீடு அஜ்மானில். வேலை, உம் அல் குவைன் தாண்டி மணலுக்குள் கிடங்குகள் கட்டுகிற ஒரு சைட்டில். என் விசாவில் போட்டிருப்பது டாக்குமென்ட் கன்ட்ரோலர். பெயரைக் கேட்டால் பெரிதாக இருக்கும். சைட்டுக்கு வருகிற ஒவ்வொரு காகிதத்துக்கும் நம்பர் போட்டு, முத்திரை குத்தி, ஃபைலில் செருகுவதுதான் வேலை. 'பெறப்பட்டது' என்று நீலத்தில் ஒரு முத்திரை. 'ரத்து' என்று சிவப்பில் ஒரு முத்திரை. ஆறு வருஷமாக டொக்கு டொக்கென்று இதைத்தான் குத்திக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் கம்பெனியில் ட்ரோன் வாங்கினார்கள். மாதம் ஒரு தடவை, கட்டடம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று மேலேயிருந்து படம் எடுத்து, கிடங்குக்குச் சொந்தக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். பயிற்சிக்குப் பெயர் கொடுத்த இளம் எஞ்சினியர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் இடத்துக்கு யார் போவது என்று ப்ராஜெக்ட் மேனேஜர் கேட்டபோது ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். கீழே விழுந்தால் பதில் சொல்ல வேண்டுமே. நான் கையைத் தூக்கினேன். மேனேஜர், எகிப்துக்காரர், முதலில் சிரித்தார். மூன்று வாரம் கழித்து நான் பரீட்சை பாஸ் பண்ணி, லைசென்ஸைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். அப்போது சிரிக்கவில்லை.

எட்டு மாதம் பறக்கவிட்டேன். கிளம்பும் போதெல்லாம் அது கொசு மாதிரி ரீங்கரித்துக்கொண்டு தலைக்கு மேல் ஏறும். நான் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், இருநூறு ஆட்கள் வேலை செய்கிற சைட் என் உள்ளங்கையில் இருக்கும். அந்த அரை மணி நேரத்தில் எனக்கு யாரும் காகிதம் நீட்ட முடியாது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. கல்யாணத்தின்போதுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

ஆனால் போன மாதம் காற்று. படங்கள் பாதி கலங்கிப்போயின. மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் எங்கேயோ ஏதோ செய்கிறார் என்று அர்த்தம்.

முந்தின நாள் ஆயுத பூஜை. ஹாலில் விரிப்பு விரித்து, இரண்டு லேப்டாப், மகளின் டேப்லெட், மிக்சி, இஸ்திரிப் பெட்டி, கார் சாவி, நடுவில் என் ட்ரோன் என்று வரிசையாக வைத்தோம். அதற்கு முன்னால் மெமரி கார்டை வெளியில் எடுத்து, பழைய படங்களை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, காலியாக்கி, ட்ரோன் பக்கத்திலேயே ஒரு தட்டில் வைத்திருந்தேன். சந்தனம், குங்குமம் வைப்பது வீட்டுக்காரர் டியூட்டி. மனுஷர் எதைச் செய்தாலும் முழுசாகச் செய்வார். "வாஷிங் மெஷினை விட்டுட்டீங்களே அப்பா" என்று மகள் கேலி பண்ணினாள். அவர் எழுந்து போய் அதற்கும் வைத்துவிட்டு வந்தார்.

பழைய காரை அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் விற்றிருந்தோம். அதன் டேஷ்போர்டில் எட்டு வருஷம் உட்கார்ந்திருந்த கட்டைவிரல் அளவுப் பிள்ளையார், வேலை போன ஆள் மாதிரி டி.வி.க்குப் பக்கத்தில் சும்மா இருந்தார். வீட்டுக்காரர் வேலைக்காகத் தினமும் அஜ்மானிலிருந்து துபாய்க்குப் போய் வந்தும், எத்தனை ஸ்பீட் பிரேக்கரில் வண்டி தூக்கிப்போட்டும் இம்மி நகராதவர். மேலே பறக்கிற சாமானுக்கு இவரைவிட நல்ல துணை ஏது என்று தோன்றியது. பூஜை முடிந்ததும் அவரை ஒரு கைக்குட்டையில் சுற்றி, ட்ரோன் பெட்டி மூடியின் உள்பக்கம் இருக்கிற வலைப்பையில் வைத்தேன். வைத்ததும் மனசு நிறைந்துவிட்டது. மறுநாள் காலை அவசரத்தில் கார்டைத் தட்டிலிருந்து எடுத்து ட்ரோனில் சொருகிக்கொண்டு, டயருக்குக் கீழே வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கக் கிளம்பினோம்.

ஆபீசில் என் மேஜையில் முதல் காகிதமாக அது கிடந்தது. வெளிக் கம்பெனி ஒன்றின் கொட்டேஷன். மாதாமாதம் நாங்களே வந்து ட்ரோன் படம் எடுத்துத் தருகிறோம் என்று. என் வேலையை என்னிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்கிற காகிதம், முறைப்படி பதிவாவதற்காக என்னிடமே வந்திருக்கிறது. நீல முத்திரையை எடுத்து 'பெறப்பட்டது' என்று நானே குத்தினேன். முத்திரை கோணலாக விழுந்தது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் ஒளிக்கவில்லை. "இன்றைக்கு மூன்று மணிக்கு மீட்டிங். எனக்குப் படம் வேண்டும். வந்தால் சரி. வரவில்லை என்றால் கலாஸ், அதோடு முடிந்தது, அடுத்த மாதத்திலிருந்து அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உனக்குத்தான் காகித வேலையே நிறைய இருக்கிறதே" என்றார். கடைசி வாக்கியத்தை அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குச் சுள்ளென்று ஏறியது.

பறக்க அனுமதி ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை. இரண்டு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் பறந்தாலும் லைசென்ஸ் போய்விடும். சரி, ஐந்து மணி நேரம் இருக்கிறதே, நமக்கு ஒரு மணி நேரம் போதும் என்று, கட்டடம் எழும்புகிற இடத்துக்குப் போகக் கம்பெனிப் பிக்கப்பில் ஏறினேன்.

சைட்டில் ட்ரோனை ஆன் செய்தால் திரையில் சிவப்பாக ஒரு வரி. கார்டைப் படிக்க முடியவில்லையாம். அணைத்துப் போட்டேன். அதே வரி. இன்னொரு தடவை. அதே வரி. மாற்றுக் கார்டை வீட்டுக்காரர் புதுக் காரின் கேமராவில் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு, கார்டு விற்ற கடைக்காரருக்கு போன் போட்டேன். மலையாளி, தங்கமான மனுஷர். போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர்களே, இது நியாயமா, உங்களை நம்பித்தானே வந்தேன் என்று மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சேச்சி, அதை ஒரு தடவை வெளியில எடுத்துத் திருப்பிப் பாருங்க" என்றார்.

எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம், செம்பு நிறத்தில் கோடு கோடாக இருக்குமே, அதன் மேல் காய்ந்துபோன சந்தனம். நட்ட நடுவில் குங்குமம்.

அடுத்த போன் வீட்டுக்காரருக்கு. "கார்டுக்கு எதுக்குங்க பொட்டு?"

"ஆயுதம்னா எல்லாம்தானே. சின்னதுன்னு விட்டுர முடியுமா?"

"அதுவும் போய்ப் போய்ப் பின்பக்கமா வைப்பீங்க?"

"முன்பக்கம் எழுத்து இருந்துச்சு. மறைஞ்சா நல்லா இருக்காதேன்னு பார்த்தேன்."

இந்த மனுஷரோடு பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், எனக்கு யார் விருது கொடுப்பார்கள் என்று கேட்டேன். அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டார். பக்கத்தில் ஆபீஸ் ஆட்கள் இருந்திருப்பார்கள், பாவம். சைட் கண்டெய்னரில் பென்சில் ரப்பர் ஒன்று தேடிப் பிடித்து, அந்தச் செம்புக் கோடுகளை மெதுவாகத் தேய்த்தேன். கார்டு சொருகுகிற ஓட்டையை ஊதினேன், மஞ்சளாகத் தூள் பறந்தது. போட்டு ஆன் செய்தால் சிவப்பு வரி போயே போச்சு. கார்டை ஃபார்மேட் செய்து, சோதனைக்கு என் கால்கட்டைவிரலை ஒரு படம் எடுத்தேன், விழுந்தது. கடைக்காரருக்கு போன் போட்டு மன்னிப்பும் கேட்டேன். அப்போது மணி பத்தாகக்கூட இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

எங்கள் பக்கம் ட்ரோனை மணலில் வைத்துக் கிளப்பக் கூடாது. இறக்கைக் காற்றுக்கு மணல் எழும்பி மோட்டாருக்குள்ளும் கேமராவுக்குள்ளும் போய்விடும். அதனால் பெட்டியை மூடி, அதன் மேல் ட்ரோனை வைத்துக் கிளப்புவோம். அப்படியே வைத்தேன். திரையில் இன்னொரு வரி. திசைகாட்டியில் கோளாறு, சரிசெய்யவும். ட்ரோனுக்குள் சின்னதாக ஒரு காம்பஸ் உண்டு. எது வடக்கு என்று தெரியாமல் அது கிளம்பாது. கிளம்பவும் கூடாது, குடிகாரன் மாதிரி எங்கேயோ போய் முட்டிவிடும்.

இதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. ட்ரோனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அப்புறம் அதன் மூக்கைத் தரைப்பக்கம் கவிழ்த்துப் பிடித்து இன்னொரு சுற்று. பெட்டியை விட்டு நாலு அடி தள்ளி நின்று சுற்றினேன். சரியாகிவிட்டது என்று பச்சை வரி வந்தது. பெட்டி மேல் வைத்தேன். சிவப்பு வரி. மறுபடி சுற்றினேன், பச்சை. வைத்தேன், சிவப்பு.

பத்தடியில் கம்பிக் கட்டு மலையாகக் குவிந்து கிடந்தது. காம்பஸுக்கு இரும்பு ஆகாது. ஆகா, பிடித்துவிட்டேன் என்று ஃபோர்மேனைக் கூப்பிட்டேன். புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். ஆட்கள் முன்னால் மேடம் என்பார், தனியாக இருந்தால் அக்கா. யாரைக் கேட்டு இங்கே கம்பியைக் கொட்டினாய், உடனே எடு என்று சத்தம் போட்டேன்.

"மேடம், கிரேன் இல்லாம இத எப்படி எடுக்கிறது. அதுவும் இது ஆறு மாசமா இங்கனதான் கெடக்கு. போன மாசம் பறந்துச்சுல்ல?"

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் பேச முடியாது. போன மாதம் பறந்தது, கம்பி அங்கேயே இருக்கிறது, அப்படியானால் புதிதாக வந்தது எது என்று யோசித்திருக்க வேண்டும். கோபத்தில் எனக்குக் காது கேட்கவில்லை. எதிர்த்துப் பேசாதே என்று ஒரே போடாகப் போட்டேன். அவர் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு ஆட்கள் பக்கம் போனார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நூறு அடி தள்ளிப் போனேன். சுற்றினேன், வைத்தேன், சிவப்பு. கீழே கான்கிரீட் தளம், அதற்குள் கம்பி இருக்கும் என்று வேலி ஓரம் வெறும் மணலுக்குப் போனேன். சிவப்பு. கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். போனைத் தூரத்தில் வைத்தேன். வளையலைக் கழற்றினேன். தாலியைத் தொட்டுப் பார்த்து, தங்கம் காந்தத்துக்கு ஒட்டாது என்று விட்டுவிட்டேன். சேஃப்டி ஷூ முனையில் இரும்புத் தகடு இருக்கிறதே என்று அதையும் கழற்றி வீசிவிட்டு, சாக்ஸோடு சுடுமணலில் ட்ரோனை ஏந்திக்கொண்டு சுற்றினேன்.

கம்பி கட்டுகிற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "என்னடா, மேடத்துக்கு அருள் வந்துருச்சா" என்று ஒருத்தன் கேட்டது எனக்கே கேட்டது. வேறு நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். அன்றைக்கு, வந்தால்கூடப் பரவாயில்லை, வந்து வடக்கு எங்கே என்றாவது சொல்லட்டும் என்றுதான் தோன்றியது.

ஏன் பெட்டியை நான் சந்தேகப்படவில்லை என்று கேட்பீர்கள். பெட்டி பிளாஸ்டிக். எட்டு மாதமாகக் கூட வருகிற பெட்டி. போகிற இடத்துக்கெல்லாம் நானே அதைச் சுமந்து போய், அதன் மேலேயே ட்ரோனை வைத்துவிட்டு, ஊரில் உள்ள இரும்பை எல்லாம் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு அடித்ததும் ஆட்கள் சாப்பிடப் போனார்கள். நான் வலை கட்டிய நிழல் பந்தலுக்குள் போய், பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மணிக்கு அனுமதி முடிகிறது. மூன்று மணிக்கு மீட்டிங். நாளையிலிருந்து டொக்கு டொக்கு. அழுகை வந்தது. கோபக்காரிகளுக்கு அழுகை லேசில் வராது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை, கோபம் தீர்ந்ததும் அடுத்து அதுதான். எனக்கு அந்த ட்ரோனை விட்டுக்கொடுக்க மனசில்லை. அவ்வளவுதான் விஷயம். சின்னப் பிள்ளை பொம்மைக்கு அழுவது மாதிரி அழுதேன்.

என்னைப் பிக்கப்பில் கூட்டி வந்த டிரைவர் கை கால் கழுவிவிட்டுப் பந்தலுக்குள் வந்தார். பெஷாவர்க்காரர், என் வயதுதான் இருக்கும், பேச்சு குறைவு. நான் கண்ணைத் துடைப்பதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, தொழுகைப் பாயை விரிக்கட்டுமா என்று இந்தியில் கேட்டார். தாராளமாக என்று பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டேன். என் பெட்டியை ஒட்டினாற்போலப் பாயை விரித்தார்.

அந்தப் பாயின் தலைமாட்டில் நாணயம் அளவுக்கு ஒரு காம்பஸ் தைத்திருக்கும். புது இடத்தில் கிப்லா, அதாவது தொழ வேண்டிய திசை, எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்கு. இங்கே அவருக்கு அது தேவையே இல்லை. மாதக்கணக்கில் அதே பந்தலில், தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நின்று தொழுகிறவர். ஆனாலும் விரித்ததும் ஒரு தடவை குனிந்து பார்ப்பது அவர் பழக்கம். அன்றைக்குக் குனிந்தவர் நிமிரவில்லை. காம்பஸை விரலால் தட்டினார். பாயைத் திருப்பினார். முள் எங்கே காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்து, என் பெட்டியில் அவர் பார்வை நின்றது.

"மேடம்," என்றார் மெதுவாக, "வடக்கு இன்றைக்கு உங்கள் பெட்டிக்குள் இருக்கிறது."

பெட்டியை எடுத்துக்கொண்டு பந்தலின் அந்தக் கோடிக்குப் போனேன். முள் ஆடி ஆடி, போய்ச் சரியான வடக்கில் நின்றுவிட்டது என்றார். பெட்டியோடு நெருங்கினேன். முள் என்னைப் பார்த்துத் திரும்பியது. மறுபடி தள்ளிப் போனேன், திரும்பிக்கொண்டது. "பஸ், போதும் மேடம், அங்கேயே இருங்கள், நான் நமாஸ் முடித்துவிடுகிறேன்" என்றார் அவர்.

பந்தலுக்கு வெளியே வெயிலில் மண்டி போட்டு உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். வலைப்பைக்குள் கைக்குட்டை. கைக்குட்டைக்குள் பிள்ளையார். எடுத்து அடிப்பாகத்தைப் பார்த்தேன். வட்டமாக, கறுப்பாக, ஒரு காந்தம். எட்டு வருஷம், அத்தனை ஸ்பீட் பிரேக்கர், இம்மி நகராதவர். எப்படி நகருவார்? கோயில் வாசல் கடையில் அவரை வாங்கும்போது, கெட்டியாகப் பிடிக்குமா என்று மூன்று தடவை கேட்டு, ஒட்டிப் பார்த்து, இழுத்துப் பார்த்து வாங்கியவளும் நான்தான். இவர் தலைக்கு மேல் மூன்று விரல் உயரத்தில் ட்ரோனை வைத்துவிட்டு, வடக்கைக் காட்டு காட்டு என்று அதைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறேன்.

கார்டில் பொட்டு வைத்ததற்குப் பதினாறு வருஷக் குடித்தனத்தை இழுத்தேனே, இதற்கு எத்தனை வருஷத்தை இழுப்பது?

சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் காயாமலேயே சத்தமாகச் சிரித்தேன். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஃபோர்மேன் கையில் டிபன் பாக்ஸோடு ஓடி வந்தார். என் கையில் பிள்ளையாரைப் பார்த்தார், காந்தத்தைப் பார்த்தார். அவருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

"அப்ப கம்பி மேல குத்தம் இல்லியா அக்கா?"

"இல்லப்பா. குத்தம் எம்மேலதான்."

"அதக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. பசங்களும் கேக்கட்டும்."

சொன்னேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, தப்பு என்னுடையது, உங்கள் ஃபோர்மேனைத் திட்டியது அநியாயம் என்று சொன்னேன். யாரோ தட்டில் தாளம் போட்டார்கள். டிரைவர் தொழுகை முடித்து வந்து பிள்ளையாரை எட்டிப் பார்த்தார். தொடவில்லை, மரியாதையாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஆள் சின்னவர், இழுப்பு பெரிது" என்றார். அவர் அவ்வளவு பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இனி சாமியை எங்கே வைப்பது? பிக்கப்பில் வைக்கலாம் என்றால் மனசு கேட்கவில்லை, நல்ல நாளில் பாதியில் இறக்கிவிட்ட மாதிரி இருக்கும். நாற்பது தப்படி தள்ளி, வேலி ஓரத்தில் ஒரு காலிப் பெயின்ட் வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் கிழக்குப் பார்க்க உட்கார வைத்தோம். உச்சி வெயில். என் சிவப்புக் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடிக்க, ஃபோர்மேன் அதன் காம்பை இரண்டு மணல் மூட்டைக்கு நடுவில் செருகி நிறுத்தினார். "இங்கன இருந்தே பாருங்க சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒரு சுற்று. கவிழ்த்து ஒரு சுற்று. பச்சை வரி. பெட்டியை மூடி, ட்ரோனை அதன் மேல் வைத்தேன். பச்சை வரி அப்படியே இருந்தது. திரையில் அம்புக்குறி கம்பீரமாக வடக்கைக் காட்டியது. மணி ஒன்று பத்து.

"யல்லா மேடம், கிளப்புங்கள்" என்றார் டிரைவர்.

கிளப்பினேன். அது ரீங்கரித்துக்கொண்டு எழும்பிய சத்தத்தைப் போல ஒரு சங்கீதத்தை நான் கேட்டதில்லை. பத்து மீட்டர், முப்பது, அறுபது. காற்று என்று பெயருக்குக்கூட இல்லை. எட்டு இடம், இடத்துக்கு மூன்று உயரம், மொத்தம் இருபத்துநாலு படம். ஒவ்வொரு படமும் கார்டில் விழுந்ததா என்று பார்த்துப் பார்த்து நகர்த்தினேன். நடுவில் ஒரு தடவை இறக்கி பேட்டரி மாற்றினேன். சாப்பிட்டு முடித்த ஆட்கள் கூடத்துக்கு வெளியே வந்து மேலே பார்த்துக் கையை ஆட்டினார்கள். திரையில் எல்லாரும் கடுகு கடுகாகத் தெரிந்தார்கள், மஞ்சள் ஹெல்மெட் போட்ட கடுகு. கடைசிப் படத்தை எடுத்துவிட்டுத் திரும்பி வந்து, பெட்டி மூடியின் நடுவில், இம்மி பிசகாமல் இறக்கினேன். ஒன்று ஐம்பது. சாக்ஸில் ஓட்டை விழுந்திருந்தது. நான் இன்னும் ஷூ போடவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது.

ஃபோர்மேனுக்கும் அவர் ஆட்களுக்கும் அன்று மாலை என் செலவில் கடக் சாயாவும் சமோசாவும். டிரைவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன், மாஃபி, ஒன்றும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். அதற்கப்புறம் அவர் தொழ வந்தால் நானே எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போவேன். பெட்டியில் இப்போது ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் இரண்டு பேரும் அதை ஒரு மரியாதையாக வைத்திருக்கிறோம்.

வீட்டுக்காரரிடம் கார்டு கதையை ராத்திரிச் சாப்பாட்டில் ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். அவர் நொந்து போய், இனிமேல் பெட்டிக்கு மட்டும் வைக்கிறேன் என்று சத்தியம் பண்ணினார். காம்பஸும் கொஞ்சம் தகராறு பண்ணியது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அது என்னாச்சு என்று கேட்டார். "அங்க பக்கத்துல கொஞ்சம் இரும்பு இருந்துச்சு, தள்ளி வச்சேன், சரியாயிருச்சு" என்றேன். பொய் இல்லைதானே. டி.வி. பக்கத்திலிருந்த பிள்ளையார் எங்கே என்று அவர் தேடியபோது, ஆபீசில் என் ஃபைல் அலமாரி மேல் நல்ல இடமாக வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். இரும்பு அலமாரி, இம்மி நகரமாட்டார். மிச்சக் கதையை அவர் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்றைய மூன்று மணி மீட்டிங்கில் படங்கள் பெரிய திரையில் வந்தன. எல்லாம் துல்லியம், நிழல்கூடக் கத்தி வெட்டின மாதிரி. கிடங்குச் சொந்தக்காரர்களின் ஆள் ஒருத்தர், மூக்குக் கண்ணாடிக்காரர், வேலி ஓரத்தை விரலால் காட்டினார். வெறும் மணலில் ஒரு சிவப்புக் குடை மட்டும் தனியாக நின்றது. "இந்த வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பது யார்?" என்று கேட்டார். மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க ஆள்தான் சார்," என்றேன். "மேற்பார்வை."

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

மீட்டிங் முடிந்து நாலு மணிக்கு மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். கையில் காலையில் வந்த கொட்டேஷன். என் கோணல் நீல முத்திரை அதன் மேல். பாராட்டு எல்லாம் அவருக்கு வராது. காகிதத்தை என் முன்னால் வைத்து, "இதை முடித்துவிடு, பைலட்" என்றார். எட்டு மாதத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் முதல் தடவையாகச் சொன்னார்.

இழுப்பறையைத் திறந்தேன். சிவப்பு முத்திரையை எடுத்து, மையில் இரண்டு தடவை நன்றாகத் தோய்த்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று எழுந்து நின்றேன். நாளையிலிருந்து டொக்கு டொக்கு என்று அழுதேனே, அந்த டொக்கைக் காகிதத்தின் நடு நெற்றியில், மேஜை மேல் டம்ளர் அதிர, கொஞ்சமும் கோணாமல் குத்தினேன். ரத்து.